மிச்சம் தொண்ணூற்றெட்டு

முதலில் ஒரு கடிதம் வேண்டுமாம்.
வேலை தந்தவர் எழுதவேண்டும்:
இன்னார், இன்ன திகதியிலிருந்து, இன்ன சம்பளத்தில்,
கிழமைக்கு இத்தனை மணித்தியாலம்.
லெற்றர்ஹெட்டில். கையெழுத்தோடு. முத்திரையோடு.

செபமாலை அண்ணையிடம் இருப்பது
கறுப்பு மட்டைக் கொப்பி ஒன்று.
அதிலே கடன் மட்டும்தான் எழுதுவார்.
திருநெல்வேலிச் சந்திக்குப் பின்னால் எங்கள் கடைக்குப்
பெயர்ப்பலகையே கிடையாது.
ஐஸ்பெட்டி திருத்துற இடம் என்றால்
ஓட்டோக்காரர் கொண்டுவந்து இறக்குவார்கள்.

ஸ்ரான்லி வீதி அச்சகத்தில்
ஒரு தாள் அடிக்க மாட்டார்களாம்.
குறைஞ்சது நூறு.
"அடியுங்கோ" என்றார் அண்ணை.
கடைக்குப் பெயர் என்ன என்று
அங்கிருந்த பெட்டை பேனையோடு காத்திருக்க,
மாதாவின் பெயரா மகளின் பெயரா என்று தடுமாறி,
வாசலில் மீன்பெட்டி ஏற்றி நின்ற வானைப் பார்த்து
"வடகடல்" என்றார்.

இரவு, கதவைப் பாதி இறக்கிவிட்டு,
நான் என்ன வேலை செய்கிறேன் என்று
பதினொரு வருசத்தில் முதல்தரம் எழுதிப் பார்த்தோம்.
கொம்பிறசர் மாற்றுதல். காஸ் அடைத்தல்.
செப்புக்குழாய் ஒட்டுதல்.
ஊர்காவற்றுறை வாடிக்கு ஐஸ் அறை கட்டியது.
நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து பழுதாகாமல்
விடிய விடிய முழித்திருந்தது.
"அதுவும் வேலையோ?"
"வேலைதானே அண்ணை."
"அப்ப அதையும் போடு."
சம்பளத்தில் வந்து நின்றார்.
இவ்வளவுதானோ தந்தனான் என்று
கொப்பியை இன்னொருக்கா கூட்டிப் பார்த்தார்.

என் பெயரில் ஒரு சிக்கல்.
பகீரதன். தமிழில் நடுவில் ஒரே ஒரு எழுத்து.
ஆங்கிலத்தில் அதுவே மூன்று ஆட்கள்:
பாஸ்போட்டில் ஒருவன், கலியாணப் பதிவில் இன்னொருவன்,
தொழில்நுட்பக் கல்லூரியில் பாஸானவன் மூன்றாமவன்.
மூவரும் நானே என்று
சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.
காசு ஒருவனுக்குத்தான் எடுத்தார்.

கடைசிப் பத்து வருச முகவரிகள், இடைவெளி விடாமல்.
பத்தோடு நிறுத்தினார்களே என்றாள் தர்மினி.
பிறகு எழும்பிப் போய் அரிசி களைந்தாள்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்து புள்ளி கழியும்.
புரட்டாதியில் எனக்கு முப்பத்தெட்டு.
மகள் இப்போதே மெழுகுதிரி வாங்கி
அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்திருக்கிறாள்.

தர்மினியின் ஆங்கிலம் என்னுடையதைவிடத் திறம்.
போனில் இரண்டு நிமிடம் வைத்து
உங்கட ஊர்க் காலநிலையைப் பற்றிக் கதையுங்கோ என்கிறாள், இங்கிலிஷில்.
வெக்கை என்பதற்கு ஒரு சொல் சொல்லி நிற்கிறேன்.
குளிரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
குளிர் என்று ஒன்று வருவதில்லை,
சூட்டை அள்ளி வெளியே கொட்டினால்
உள்ளே மிஞ்சுவதுதான் அது.
இதற்கு எனக்கு ஆங்கிலம் வராது.
மணி அடித்துவிட்டது.

"வின்னிபெக்கில மைனஸ் நாப்பதாம்.
அங்கை ஆரடா உன்னட்டை ஐஸ்பெட்டி திருத்தப் போறான்?"
அண்ணை சிரித்தார்.
நல்லாகத்தான் சிரித்தார்.

நூறு தாளில் ஒன்று என் கடிதத்துக்குப் போனது.
ஒன்றில் என் பெருவிரல், எண்ணெயோடு.
மிச்சத்தைத் தட்டி அடுக்கி
மேசை லாச்சிக்குள் வைத்தார்.
பில் எழுதலாமே என்றேன்.
"இல்லை, கிடக்கட்டும்.
பெடியள் இருக்கிறாங்கள்."

அடுத்த நாள் அரியாலையில் ஒரு மாடிவீடு.
ஏணியின் மேல்படியில் நான்.
கீழே பிடித்தபடி றொசாந்,
வேலைக்கு வந்து எட்டு மாதம்.
"அண்ணை, அந்தச் சோதினைக்கு எவ்வளவு கட்டினீங்கள்?"

ஏணி ஒருக்கா ஆடியது.
இறுக்கிப் பிடி என்றேன்.
தொகையையும் சொன்னேன்.