கால் குளிசை

ஆறு வருசம், ஒலுமடுவுக்கு அப்பால்,
சிவப்புத் தடிக்கும் வெள்ளைத் தடிக்கும் நடுவே
முழந்தாளில் இருந்தேன்.
நாளுக்கு இவ்வளவு நிலம் என்று கணக்கு.
ஒருமுறைகூடக் கை நடுங்கவில்லை.
ஜசிந்தா அக்கா சொல்லுவா,
"உன்ர கைக்குத் தனியாச் சம்பளம் குடுக்க வேணும்."

நாற்பத்தாறு வயதில்
வலது பெருவிரல் தானாகக் காசு எண்ணத் தொடங்கியது.

யாழ்ப்பாணத்து டொக்டர் பெயர் எழுதித் தந்தார்.
கிளினிக் கொப்பியில் அது நீளமான ஒரு சொல்.
இனியவன் தேடிப் படித்துவிட்டு
போனைக் கவிழ்த்து வைத்தான்.

இரண்டு குளிசைகள்.
பெரியது நாலு நேரம், சின்னது மூன்று நேரம்.
கை அடங்கியது. சட்டைக்குப் பொத்தான் பூட்டினேன்.
மாங்குளம் வரைக்கும் பஸ்ஸில் நின்றே போனேன்.

பிறகு இரவுகள்.

நித்திரை வராது. வராட்டில் போகட்டும் என்று
தையல்பெட்டிப் பொத்தான்களைப் பிரித்தேன்,
முதலில் நிறம் பார்த்து, பிறகு துளை எண்ணி.
பிறகு அரிசியில் கல். கல்லிலும் பெரிசு சின்னன்.
கடைசியில் மண்ணுக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டு மணிக்கு மகன் ரோச் அடித்தபோது
முற்றத்தில் கயிறு கட்டி, பாதை பிரித்து,
அகப்பைக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
மூன்று மாமரமும் வேர் தெரிய நின்றன.
"அம்மா, இங்க ஒண்டும் இல்லை. எப்பவோ எடுத்துப் போட்டாங்கள்."
"தெரியும்" என்றேன்.
தெரியும். கைதான் நிற்கவில்லை.

கிளினிக்கில் வாய் திறக்கவில்லை.
லொத்தர் சீட்டில் போன காசையும் சொல்லவில்லை.
விசர் என்று கொப்பியில் எழுதிவிட்டால்?
ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு உறையையும்
கக்கூசுக் குழிக்குள் கவிழ்த்தேன்.

ஞாயிறு, நாக்கு கட்டை.
திங்கள், கழுத்தும் கட்டை. காய்ச்சல் கொதித்தது.
கழற்றிய கதவைப் போலத் தூக்கிக்கொண்டு
கிளிநொச்சிக்குப் போனார்கள்.

கண் விழித்தபோது ஒரு பெண் டொக்டர்.
சிங்களம் கலந்த தமிழ். கோபம் கலக்காதது.
மண்ணைச் சொன்னேன். லொத்தரையும் சொன்னேன்.
"அது நீங்க இல்லை, அந்தச் சின்னக் குளிசை" என்றா.
"முதலே சொல்லியிருக்கலாமே.
நிப்பாட்டத்தான் வேணும். ஆனா இப்பிடி
ஒரேயடியாப் பிடுங்கக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. முகம்தான் விடவில்லை.
பிடுங்கக் கூடாது என்று
எனக்கு ஒருத்தர் சொல்ல வேண்டியிருந்தது.

பெரியது அப்படியே, மணி தவறாமல்.
சின்னதை பிளேட்டால் நாலாக வெட்டி
அவ எழுதித் தந்த திகதிகளில் கால் காலாகக் குறைப்பு.
நடுவில் ஒரு கிழமை வியர்த்து ஊற்றியது.
காரணமில்லாத அழுகை.
செத்தால்தான் என்ன என்று சுவரோடு இருந்தேன்.
இதையும் மறைக்காதே என்றிருந்தா. போன் எடுத்தேன்.
"ஒரு படி திரும்ப ஏறி நில்லுங்கோ, பிறகு இறங்குவம்."
ஏறி நின்றேன்.

இப்போது கடைசிக் கால்.
கை திரும்ப ஆடுகிறது.
தேத்தண்ணியில் பாதி வழியிலேயே போய்விடும்.
முற்றத்துக் கயிற்றை இனியவன் அவிழ்க்கவில்லை,
அவிழ்க்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.
இரவில் எழும்பினால் அந்தக் கயிறு மட்டும் போவேன்,
கையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு.
குழிகளில் மழைத் தண்ணி.
ஒரு மாமரம் பட்டுவிட்டது.
மற்ற இரண்டும் என்ன செய்யுமோ தெரியாது.