இருபத்தியிரண்டாவது சொட்டு

பத்து மில்லி தண்ணீர்.
மேலாக அள்ளியது இல்லை, முழங்கை ஆழத்தில் மொண்டது.
அதில் பஃபர், அதில் ஒரு சிட்டிகை சாயம்.
பீட்ரூட் கழுவின சிவப்பு வந்ததும்
எண்ண ஆரம்பிக்கிறேன்.

பதினெட்டில் ஊதா தட்டுகிறது.
"நீலந்தாம்மா, எழுதிக்கோ" என்கிறார் கோதண்டம் சார்.
இல்லை சார்.
குலுக்கி, நிறுத்தி,
வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடிக்கிறேன்.
பத்தொன்பது, இருபது,
வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள்
ஏர்னாவூர் ரோட்டை அசைக்கின்றன,
குப்பியில் தண்ணீர் தானாகவே குலுங்குகிறது.
இருபத்தியிரண்டில் நீலம்.
சொட்டுக்கு இருபத்தைந்து என்றால்
ஐநூற்று ஐம்பது.

வெயில் தினமும் ஒரு விரல்கடை குடிக்கிறது.
குடிப்பது தண்ணீரை மட்டும்,
சுண்ணாம்பைத் தொடுவதில்லை.
சாயங்காலம் சார் போர் மோட்டாரைப் போட்டு
அந்த ஒரு விரல்கடையை நிரப்புகிறார்.
இப்படியே இரண்டு வருஷம்.

செல்லைக் கழற்றிக் காட்டினேன்.
உப்பிலிருந்து குளோரின் பிரிக்கும் தகடுகள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
காரை பூசின மாதிரி இருந்தன.
வாளியில் பத்துப் பங்கு தண்ணீர்,
அதன்மேல் ஒரு பங்கு ஆசிட்
(மாற்றி ஊற்றினால் மூஞ்சியில் தெறிக்கும்).
சோடா மாதிரிப் பொங்கி அடங்கியது.
"அவ்ளோதானே, முடிஞ்சுதா?"
செல் முடிஞ்சுது சார், தண்ணி முடியலை.

"அப்ப மொத்தமா இறைச்சுக் கொட்டிடலாம்."

கொட்டலாம்.
ஃபைபர் தொட்டி, ஒரே ஓடு,
எக்ஸ்பிரஸ் ரோட்டில் ட்ரெய்லரில் வந்தபோது
டோல்கேட் பையன் எந்தக் குப்பத்துப் படகு என்று கேட்டானாம்.
அவன் கேட்டது சரிதான்.
நாலடி தோண்டினால் ஊற்று பிடிக்கிற மண் இது.
உள்ளே கனம் போனால்
கீழே இருக்கிற தண்ணீர் தோள் கொடுக்கும்,
காலையில் வந்து பார்த்தால்
உங்கள் நீச்சல் பள்ளி ஒரு முழம் மேலே நிற்கும்,
பைப்பெல்லாம் அறுந்து.

தவணையில்தான் செய்யணும்.
ஓரடி இறக்கு, ஓரடி ஏற்று,
மூன்று தடவை.
காட்டுப்பள்ளியில் கடலைக் காய்ச்சி வடித்த மாதிரி
உப்பு நீக்கின தண்ணீர், லாரிக்கு ஆறாயிரம் லிட்டர்.
கடலிலிருந்து உப்பை எடுக்க ஒரு கம்பெனி,
எடுத்த தண்ணீரில் மூட்டை மூட்டையாய்
உப்புப் போட நான்.
சம்பளம் வருகிறது, சிரிக்கக் கூடாது.

முதல் லாரி, பதினேழு சொட்டு.
இரண்டாவது, பதின்மூன்று.

மூன்றாவது வந்த அன்று
எங்கள் தெருவில் ஒன்பதாவது நாளாகக் குழாயில் காற்று.
டிரைவர் நசீர் போன் போட்டு வழி கேட்டான்.
வலது பக்கம் என்று சொல்லவேண்டிய இடத்தில்
இடது பக்கம் என்றேன்.
அவனுக்கும் தெரியும் அந்த இடது பக்கம்.
ஒன்றும் கேட்கவில்லை.
குடம் இடிபட்டது, ஒரு செருப்பு பிய்ந்தது,
முக்கால் மணி நேரத்தில் டேங்கர் டொக்கென்று ஒலித்தது.

மறுநாள் சாரிடம் சொன்னேன்:
பதின்மூன்று போதும் சார்.
பொய் இல்லை.
சிமெண்டுத் தொட்டி என்றால் சுண்ணாம்புக்குப் பசிக்கும்,
ஃபைபருக்கு அந்தப் பசி கிடையாது.
முந்நூற்று இருபத்தைந்தில் நிற்கலாம்,
பிஹெச் மட்டும் ஏழரையைத் தாண்டாமல் நான் பார்த்துக்கொள்வேன்.
போர் மோட்டார் ஸ்விட்சுக்கு டேப் ஒட்டினேன்.
மூன்று லாரிக்கான ரசீதில்
எமல்டா என்று கையெழுத்தும் போட்டேன்.
அதைப் பற்றி இங்கே இதற்குமேல் எழுத மாட்டேன்.

அன்று ராத்திரி
கிட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்
குடத்திலிருந்து பத்து மில்லி மொண்டேன்.
சிவப்பு சரியாக ஏறக்கூட இல்லை,
இரண்டாவது சொட்டில் நீலம்.

எதிர்வீட்டு லூர்துமேரி வாசலில் நின்று
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்,
துவரம்பருப்பு இன்னிக்கு
மூணே விசில்ல வெந்துடுச்சு,
இன்னா பருப்பு இது, எந்தக் கடைன்னு தெரியலையே என்று.