வேத்தெரோக், எட்டுக் குதிரை

பெய்ப்ஸி ஏரி உறைந்து கிடந்த மாதங்களில்
சாவ்வா படகைக் கவிழ்த்துப் போட்டான்,
மோட்டாரை நான் எடுத்துக்கொண்டேன்.
பங்கு பிரித்ததில் சண்டையில்லை:
மரம் அவனுக்கு, இரும்பு எனக்கு.
அவன் என் தங்கையின் முன்னாள் கணவன்.
தங்கை தார்த்துவில் இருக்கிறாள்.
படகு எங்களிடம் இருக்கிறது.

நாற்பது யூரோ. கரைத்தெருக் கோடியில்
ஃபெவ்ரோனியாவிடம் வாங்கியது.
வெங்காயச் சடைகள் தொங்கும் கொட்டகையில்
கோணிக்கடியில் குப்புறக் கிடந்தது.
"ஓடுமா?" என்றேன்.
"எனக்கென்ன தெரியும்.
காலம் பூராவும் வெங்காயப் பாத்தி.
படகில் கால் வைத்தவளில்லை நான்."
எண்ணிப் பார்க்காமலே நோட்டுகளை
ஏப்ரன் பைக்குள் செருகினாள்.

வேத்தெரோக் என்றால் இளங்காற்று.
வோல்கா கரைத் தொழிற்சாலையில்
இதற்குப் பெயர் வைத்தவனுக்கு
குறும்பு இருந்திருக்க வேண்டும்,
அல்லது காது கேட்டிருக்காது.

ஃப்ளைவீல் இம்மியும் அசையவில்லை.
பிளக் கழற்றிய துளைகள் இரண்டிலும்
டீசலையும் எண்ணெயையும் கலந்து ஊற்றிவிட்டு
பள்ளிப் பேருந்து ஓட்டப் போனேன்.
வந்து தொட்டுப் பார்த்தேன்.
மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாள்
பார்க்கக் கூடாதென்று நினைத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டாம் நாள்
எள்ளளவு நகர்ந்தது.
வெளியே மைனஸ் பதினேழு.
உள்ளே நான் கோட்டைக் கழற்றினேன்.

அப்புறம் எல்லாம் கழன்று வந்தது,
வராதது உடைந்து வந்தது.
பால் விட்ட காப்பியாய் வழிந்த கியர் எண்ணெய்,
உலர்ந்த காளானாய் பம்பின் ரப்பர் சக்கரம்,
கார்புரேட்டரின் அடியில்
அரக்காகிப் போன ஏதோ ஒரு கோடையின் பெட்ரோல்.
களிம்பேறிய முனைகளை
உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து
ஒரு ராத்திரி விளக்கை அணைத்துச் சுற்றினேன்.
நீலம்.
பிளக்கில் பாதி, என் முழங்கையில் பாதி.

சாவ்வா அதற்குள் ஏழு பலகை மாற்றியிருந்தான்.
நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.
தார் காய்ச்சும்போது மட்டும்
தங்கையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்பான்.
தார் ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடுவேன்.

மூடிக்குப் பெயிண்ட் அடிக்கலாமென்று
உட்புறத்தைக் கழுவியபோது
கரிய பிசுக்குக்கு அடியில் பென்சில்:

71 ஜூன் 3. புது பிளக்.
71 ஜூலை. பின் முறிந்தது. துடுப்பு போட்டு வந்தோம்.
72 மே. ஃபெ. இழுத்தாள். ஏழாம் இழுப்பு.
72 மே. ஃபெ. இரண்டாம் இழுப்பு.
73 ஆகஸ்ட். ஃபெ. தனியாக, பீரிசார் தீவு வரை.
திரும்பி வந்தாள்.

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
இடம் நிறைய இருந்தது.

வெளிப்புறம் நீலம் அடித்தேன்.
"உள்ளே?" என்றான் சாவ்வா.
"உள்ளே யார் பார்க்கிறார்கள்."

ஏப்ரல் கடைசியில் பனிக்கட்டிகள்
ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கரையேறின.
வாசலில் பீப்பாய் நிறையத் தண்ணீர் வைத்து
மோட்டாரை மாட்டினோம்.
இழுத்தேன். அவன் இழுத்தான். நான் இழுத்தேன்.
பதினாறு வரை எண்ணி விட்டுவிட்டோம்.
பிறகு ஒரு இருமல், ஒரு உறுமல்,
கோழிகள் வேலி தாண்டிப் பறந்தன,
புகையில் சாவ்வாவைக் காணவில்லை.
பதினொரு வினாடி.
பிறகு பீப்பாயில் தண்ணீர் தளும்பும் சத்தம் மட்டும்.

புகை விலகியபோது
வேலிக்கு அந்தப் பக்கம் ஃபெவ்ரோனியா,
இடுப்பில் விதை வெங்காயக் கூடை.
நான்கு வீடு தள்ளியிருந்து வந்திருக்கிறாள்,
காலணி மாற்றாமல்.
"எண்ணெய் கூடிப்போச்சு," என்றாள்.
"இருபத்தைந்துக்கு ஒன்று.
சோக்கைச் சட்டென்று விடாதே,
அதற்குப் பிடிக்காது."

நான் வாய் திறப்பதற்குள் திரும்பிவிட்டாள்.
நடவு நாள். பாத்தி காத்திருக்கும்.

கலவையை மாற்றினேன்.
மூடியை மாட்டும் முன்
எழுத ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன்.
பென்சில் சாவ்வாவின் காதில் இருந்தது.