பதிவுத் தபால்

ஆம்பூர், ரெட்டித்தோப்பு,
தேசிங்கு மனைவி அமுலு அவர்களுக்கு.
வக்கீல் தாளில் என் பெயர் பிழையில்லாமல் இருந்தது.
ரேஷன் கார்டில்கூட அம்லு என்றுதான் இருக்கும்.
தேசிங்கு இப்போது எந்த ஊரில் என்று
வக்கீலுக்காவது தெரியுமோ என்னமோ.

‘தங்களுக்குச் சொந்தமான செந்நிற நாய்
எனது கட்சிக்காரர் கன்னியப்பனின்
இடது கெண்டைக்காலை...’

கட்சிக்காரர் எதிர்வீடுதான்.
ஊசிச் சீட்டை வாசலில் நின்று காட்டிவிட்டுப் போனார்,
கண்ணைப் பார்க்காமல்.

வீடு வாடகை.
மிஷின் ஷூ கம்பெனியுடையது.
கம்மல் சேட்டுக் கடையில், காதில் கவரிங்.
சொந்தம் என்று எனக்கு யாரும்
எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

ரெண்டாவது ஷிப்ட் வேன்
பதினொன்றே காலுக்குப் பாலத்தடியில் இறக்கிவிடும்.
அங்கிருந்து நாலடி முன்னால் போகும்,
திரும்பிப் பார்க்காது.
என்மேல் தோல் வாடை அடிப்பதாலோ என்னவோ.
ஒரு பொறைகூட நான் போட்டதில்லை.
பொய். ரெண்டு தடவை போட்டேன்.

அன்றைக்குக் கன்னியப்பன்
வண்டியை மெதுவாக்கி, லைட்டை அணைத்து,
‘ஏறிக்கோயேன்’ என்றது நோட்டீசில் இல்லை.

பதினைந்து நாளைக்குள் கட்டுக்குள் வைக்க வேண்டுமாம்.
யாரை என்று ரெண்டு முறை படித்தேன்.
‘எங்க நாயே இல்லன்னு ஒரு வரி எழுது,
தீந்துச்சு’ என்றார் குமாஸ்தா.

பஜாரில் சங்கிலி நூற்றியிருபது சொன்னான்,
நூறுக்கு இறங்கினான்.
கழுத்துப் பட்டை எத்தனை இன்ச் என்று கேட்டான்.

தெரியவில்லை.
இதுவரை தொட்டதில்லை.