மறுத்தவர்: ஒருவர்

அரூரிலிருந்து ஆறு நாற்பது பஸ்.
மூங்கில்கொட்டாய்க்கு இறங்கி நடக்க வேண்டும்.
பையில் ஒலிப்பதிவுக் கருவி, ஊதா மைப்பெட்டி,
ஒப்புதல் படிவம் இருபது நகல்.
கையெழுத்தோ கைரேகையோ இல்லாமல்
ஒரு சொல்லும் தரவு ஆகாது என்று
நெறிமுறைக் குழு சொல்லியிருக்கிறது.

கம்சலா புளி தட்டிக்கொண்டிருந்தாள்.
கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம்,
நார் மடியில்.

படிவத்தை வாசித்துக் காட்டினேன்.
உங்கள் பெயர் வெளியே வராது.
பிடிக்காத கேள்விக்குப் பதில் வேண்டாம்.
எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.
"இது என் ஊடு. நான் எங்க எந்திரிச்சுப் போறது?"
சிரித்தாள். நானும்.

மைப்பெட்டியைத் திறந்தேன்.
சுத்தியல் நின்றது.

"இதே நெறந்தான்."

கொஞ்ச நேரம் புளி மட்டும்.
பிறகு
வன அலுவலக முற்றம், ஏழு பெண்கள்,
ஒரு பெஞ்சு, அதன்மேல் வெள்ளைத் தாள்.
வெள்ளை என்றால் வெள்ளை, ஓர் எழுத்து கிடையாது.
கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியவன்
மணிக்கட்டில் கோயில் கயிறு.
"மூணு மாசத்துல அந்தத் தாள்ல எழுத்து மொளச்சிருந்துச்சு.
நான் கட்டை கடத்துனனாம்.
ஸ்டேஷன்ல எனக்கு ஒண்ணுமே நடக்கலயாம்.
ரெண்டுக்கும் நாந்தான் சாட்சி."

எந்த வருடம் என்று கேட்டேன்.
"செவலை சினையா இருந்த வருசம்."
பிறகு, "அதையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

கேள்வி பதினேழு:
வன்முறை செய்தவர் அரசு சார்ந்தவரா, சாராதவரா.
கேட்க வாய் வரவில்லை.
சுவரில் ரேஷன் கார்டு, பாலிதீன் உறையில்,
ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பேசறேன், எழுதிக்கோ.
ரேகை மட்டும் கேக்காத."

இரண்டே கால் மணி நேரம் பேசினாள்.
நாற்பத்தொரு பேரும் சொல்லாததையெல்லாம்.
கருவி பைக்குள் அணைந்தே இருந்தது.
கிளம்பும்போது அரைக் கிலோ புளி கட்டிக் கொடுத்தாள்,
காசு வாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து
ஆய்வேட்டின் நான்காம் இயல், முதல் அட்டவணை.
என் கையால் தட்டச்சு செய்தேன்:
நேர்காணல் தந்தவர்கள் நாற்பத்தொன்று.
மறுத்தவர் ஒருவர்.

பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால்
கேட்டிருக்கிறார்: ஏன் மறுத்தார்?

தாள் மேசையில் கிடக்கிறது.
பஸ்ஸில் மைப்பெட்டி கசிந்து
என் கட்டைவிரலில் ஏறிய ஊதா
புளி போட்டுத் தேய்த்தபோதே போய்விட்டது.