எண்ணெய் இறங்கும் வரை

முந்தின நாள் சாயங்காலமே பிளக்கைப் பிடுங்கினேன்.
ஒன்பது வருஷமாக முனகிக்கொண்டிருந்தது
ஒரு உதறல் உதறி நின்றது.
அன்னசாகரத்து வாடகை வீட்டில்
இவ்வளவு அமைதி இருந்ததா?

ஃப்ரீசர் சொட்டியது.
கத்தியால் நோண்டாதே பரிதி, தானாக விடட்டும்.
அடியில் இரண்டு பழைய துண்டு, ஒரு தாம்பாளம்,
போதாமல்
அவன் அப்பா விட்டுப்போன லுங்கி.
அது நன்றாக உறிஞ்சியது.

கதவு ரப்பரின் மடிப்புக்குள்
பழைய பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தேன்.
கடுகு. கொத்தமல்லிக் காம்பு. பாதி எறும்பு.
சோடா உப்புத் தண்ணீரில் தட்டுகளைக் கழுவித் துடைத்து
கதவிடுக்கில் துணியைச் சுருட்டி வைத்தேன்.
மூடி வைத்தால் நாறும்.
யாரும் சொல்லித் தரவில்லை,
ஒருமுறை நாறியிருக்கிறது.

எல்லாம் காலியான பிறகு
மூன்று இன்சுலின் குப்பிகள் மட்டும்
போக இடமில்லாமல் நின்றன.
ஃப்ரிட்ஜைவிட ஒரு வயது இளையவனுடையவை.
ஈர மணல் போட்ட மண்பானை,
அதற்குள் மூடி இறுகின டப்பா,
டப்பாவுக்குள் அவை.

காலையில் குட்டியானை வந்தது.
மாதையன் பார்த்த பார்வையிலேயே
ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துவிட்டார்.
"சாச்சிப் போட்டா பீரோவும் பக்கத்துல வந்துரும்க்கா."
கூடாது.
"ஒரு மணி நேரத்து ரோடுதான?"
கீழே மோட்டாரில் எண்ணெய் இருக்கிறது,
சாய்த்தால் குழாய்க்குள் ஏறும்,
ஏறினது தெரியாமல் சுவிட்சைப் போட்டால்
அதோடு சரி.
"மெக்கானிக்கா நீங்க?"
ரேஷன் கடையில் பில் போடுகிறேன்.
சிரித்தார். பீரோவைப் படுக்கவைத்தார்.
பாயைச் சுற்றி, கயிற்றை நான்கு சுற்று இறுக்கி
கல்யாணப் பெண்ணைப்போல் அதை நிற்க வைத்தார்.

காரிமங்கலம் தாண்டும்வரை
மடியில் பானையோடு நான் மூச்சே விடவில்லை.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
பின்கண்ணாடியைப் பார்த்துப் பரிதி சொன்னான்:
நிக்குதும்மா.
காவேரிப்பட்டணத்தில் மாங்காய் லாரிகளின் பின்னால்
அரைமணி நேரம் ஊர்ந்தோம்.
நிக்குதும்மா.
பானை மேல் கையை வைத்தேன்,
வெறும் பானையாக இருந்தது.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை, முதல் மாடி.
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி
ஆடின காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்தேன்.
நாலு மணி நேரம் சுவிட்சைத் தொடாதே.
"அதுவரைக்கும் என்னம்மா பண்ணும்?"
இறங்கும்.
எதிரே சம்மணம் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தான்.

மணல் காய்ந்திருந்தது.
பக்கத்துக் கதவைத் தட்டினேன்.
சபிஹா என்றாள். கையெல்லாம் மாவு.
என் பெயரைச் சொல்லவில்லை, முதலில்
நடுத்தட்டு என்றேன்,
ஃப்ரீசருக்குக் கீழே ஒட்டி வேண்டாம்,
உறைந்தால் மருந்து செத்துப்போகும் என்றேன்.
தோசைமாவு, பாதி தர்பூசணி, நேற்றைய கறிக்குழம்பு,
ஒவ்வொன்றாக அவள் தள்ளி வைத்தாள்.
"ஒரு நாளைக்கு எத்தனை ஊசி?"
நாலு.
ஐயோ என்று சொல்லவில்லை.
அதற்கே அவளைப் பிடித்துப்போனது.

மாலையில் சுவிட்சைப் போட்டேன்.
ஒரு நடுக்கம்,
பிறகு அதே பழைய முனகல்.
பரிதி கை தட்டினான்.
உள்ளே குளிர்ந்து நிலைக்க விடியும்.
இன்று ராத்திரி அங்கேயே இருக்கட்டும் என்று
சபிஹாதான் சொன்னாள்.

ஒன்பதே முக்காலுக்குக் கரண்ட் போனது.
என்னுடையது நின்றது.
சுவருக்கு அந்தப் பக்கம்
அவளுடையதும் நின்றிருக்கும்.
போய்ச் சொல்லலாமா,
கதவைத் திறக்காதீங்க, திறக்காவிட்டால் குளிர் தங்கும் என்று?
வந்த அன்றே இவ்வளவு அதிகாரமா
என்று நினைத்துவிட்டால்?
இருட்டில் காலால் செருப்பைத் துழாவினேன்.
மூட்டைகள்தான் தட்டுப்பட்டன.

சுவரில் இரண்டு தட்டு.
பிறகு வாசல் பக்கமிருந்து அவள் குரல்:
"திறக்கலைக்கா.
பசங்களையும் தொட விடலை."