ஓஹ்ரிட் ஏரியில் பாகப்பிரிவினை

குடுவை எண் நாற்பத்தொன்று.
படகுத்துறைக் கல்லில்
பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தது,
பன்னிரண்டு வருடங்களுக்கு முன்.
ஒற்றை உயிரணு. நாற்பத்தாறு மைக்ரான்
என்று என் கையெழுத்தே சொல்கிறது,
இப்போதையதைவிட உருண்டையாக.

டயாட்டம்.
கண்ணாடியில் சிமிழ் செய்து
உள்ளே குடியிருக்கும் பாசி.
ஒரு மூடி, ஓர் அடி,
மூடி சற்றே பெரிது. அவ்வளவுதான் வீடு.

பிரிகிற நாளில் கூச்சலில்லை.
கரு இரண்டாகும்.
பொன்பழுப்பாய் உள்ளிருக்கும் சொத்து
பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் ஒதுங்கும்.
ஒருத்தி மூடியோடு போவாள்,
ஒருத்தி அடியோடு.

எனக்கே இது புரிய ஒரு குளிர்காலம் ஆனது:
கைக்கு வந்தது எதுவானாலும்
அதை மூடி என்றே வைத்துக்கொள்கிறார்கள்.
அதற்குள் அடங்குகிற ஓர் அடியைத்தான்
புதிதாய்ச் செய்கிறார்கள்.
பெரிதாக ஒன்று செய்ய யாருக்கும் வராது.
மூடியோடு போனவள் அதே அளவு.
அடியோடு போனவள்
ஒரு கண்ணாடித் தடிமன் குறைவு.
அவளுடைய அடியோடு போகிறவள்
இன்னும்.

தாயும் பிள்ளையுமானாலும்
வாயும் வயிறும் வேறு என்பார்கள்.
இங்கே வாயில்லை, வயிறில்லை.
தாய் எங்கே என்று கேட்டால்
குடுவையைத்தான் காட்ட வேண்டும்.
செத்தாள் என்று சொல்லப் பிணமில்லை,
இருக்கிறாள் என்று சொல்ல ஆளில்லை.

எங்கள் அம்மாவுக்குப் பிணம் இருந்தது.
பித்தோலா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம்.
த்ரைச்சே ஓட்டினான், நான் பின்னால்.
நாற்பதாம் நாள் கோதுமை அவித்துப் படைத்த கையோடு
வக்கீல் பீதானோஸ்கியின் மேசையில்
வீட்டைக் குறுக்கே அறுத்தோம்.
அவனுக்கு மாடி, கூரையோடு.
எனக்குக் கீழ்த்தளம், அஸ்திவாரத்தோடு, எலிகளோடு.
மரப்படி யாருக்கு என்பதில் நாலு மாதம் போனது.
கடைசியில் அவன் வெளியே இரும்புப் படி வைத்தான்.
நான் மரப்படியை உடைத்து அடுப்பில் வைத்தேன்.
படி போன ஓட்டை தெரியாமலிருக்க
பொய்க்கூரை அடித்தேன்.
தலைக்கு மேல் ஒரு சாண் குறைந்தது.
மாடியில் அவன் பெண்கள் இருவருக்கும் நடுவே
இப்போது ஒரு பிளைவுட் சுவர்.

ஆறு வருடமாய் அவன் பங்காளி,
தம்பி அல்ல.

பிரிக்க மறந்தது புகைக்குழாயை.
என் அடுப்பில் கிளம்பி
அவன் படுக்கையறை வழியாகத்தான்
அது வெளியே போகும்.
பத்திரத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.
நான் விறகு வைத்தால் அவனுக்கு வெதுவெதுப்பு.
வைக்காத இரவுகளில்
மேலே இருமல்.

செவ்வாயன்று அளந்தேன். சராசரி பதினெட்டு.
இந்த இனத்தில் பதினைந்துக்குக் கீழே போனால்
பிரிய ஒன்றுமிருக்காது.
அப்புறம் சாவு.
இல்லையென்றால், ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு
இன்னொன்றோடு ஒன்றாகி,
ஊதிப் பெருத்து,
பழைய அளவில் ஒரு புது வீடு.
அதற்கும் வெளிச்சம் சரியாய் விழ வேண்டும்,
குளிர் சரியாய் இருக்க வேண்டும்,
பக்கத்தில் ஆள் வேண்டும்.
முப்பத்தெட்டாம் குடுவைக்கு எதுவும் வாய்க்கவில்லை.
கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நேற்று கலிச்சிட்சா மலையில் முதல் பனி.
இருட்டியபின் வீடு வந்தேன்.
கதவருகே ஓக் விறகு,
பிளந்து, இடுப்புயரம் அடுக்கியிருந்தது.
இரும்புப் படியில் ஈர பூட்ஸ் தடம்,
மேல் நோக்கி.

பாசம் என்று எழுதமாட்டேன்.
அவனுக்குக் குளிர்.
அடுப்பை மூட்டினேன்.
தகரம் டிக் டிக்கென்று சூடேறிக்கொண்டே
பொய்க்கூரையைத் தாண்டிப் போயிற்று.

ஏட்டில் பதினெட்டு என்றிருக்கிறது.
நாளைக்கு இன்னொரு முறை அளக்க வேண்டும்.